கண்ட்ரோலரை அளந்த கதை

சென்ற ஆண்டுப் பொங்கல் விழா முடிந்து, சங்கக் கட்டடத்தின் பின்கட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது. நம் சங்கத்து இளைஞர் இருவர், இலையில் சாதம் ஆறுவதையும் பொருட்படுத்தாது வாதிட்டுக்கொண்டிருந்தனர். இருவரும் கணினி வலைத் துறையில் ஊழியம் பார்ப்பவர்கள். ஒருவர் ‘ஓனோஸ்’ என்னும் கண்ட்ரோலரே சிறந்தது என்றார். மற்றவர் ‘ஓபன்டேலைட்’டுக்கு ஈடு வேறில்லை என்றார். அவ்வழியே மோர் ஊற்றிக்கொண்டு சென்ற நம்மை நிறுத்தி, “ஐயா, நீங்கள் இருபது ஆண்டுகளாக இரயில்வே கண்ட்ரோல் ஆபீசில் இருப்பவர். எந்தக் கண்ட்ரோலர் உயர்ந்தது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்” என்று வேடிக்கையாகக் கேட்டனர்.

அப்போது சிரித்துவிட்டு நகர்ந்தோம். ஆயினும் அவ்வினா நம்மை விடவில்லை. மெட்ரிகுலேஷன் தேறியதோடு படிப்பை நிறுத்தி எழுத்தர் வேலைக்கு வந்தவராகிய நமக்கு இத்துறையில் பட்டமோ பயிற்சியோ இல்லை. எனினும் அவ்விளைஞர்கள் கொடுத்துதவிய கட்டுரைகளை அகராதியின் துணைகொண்டு பல இரவுகள் படித்தோம். அவற்றில் நாம் கண்டது இரண்டு மென்பொருள்களின் போட்டியன்று. ஒரு பொருளை அளக்கப் புகுந்த மக்கள், அளவுகோலையே மீண்டும் மீண்டும் திருத்திக்கொண்ட வரலாறு. அதனை நம்மைப் போன்ற அன்பர்களும் அறிந்துகொள்ளும் வண்ணம் ஈண்டுச் சொல்ல விழைகின்றோம்.

கண்ட்ரோலர் என்பது யாது?

இரயில் பாதையில் எந்த வண்டியை முன்னே விடுவது, எதனை லூப் பாதையில் நிறுத்துவது என்று ஒரு பகுதி முழுமைக்கும் முடிவு செய்பவர் செக்‌ஷன் கண்ட்ரோலர். இங்கிலாந்தின் மிட்லண்டு இரயில்வேயில் செசில் பேஜட் என்பவர் 1907ஆம் ஆண்டு தொடங்கி இம்முறையை வளர்த்தார் என்பர். ஒரு ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தம் நிலையமும் அடுத்த நிலையமுமே தெரியும். கண்ட்ரோலருக்கோ பகுதி முழுதும் ஒரே சார்ட்டில் தெரியும். முன்பு அந்தச் சார்ட்டைப் பென்சிலால் காகிதத்தில் வரைந்தனர். இன்று அது கணினித் திரையில் ஓடுகின்றது.

கணினி வலையிலும் நடந்தது ஏறக்குறைய இதுவே. செய்திகள் சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பிரிந்து, சுவிட்சு என்னும் பெட்டிகளின் வழியே செல்கின்றன. பழைய முறையில், வந்த பாக்கெட்டை எவ்வழியே விடுவது என்று முடிவு செய்வதும், அவ்வாறே விடுவதும் ஆகிய இரு வேலைகளையும் ஒவ்வொரு பெட்டியும் தானே செய்தது. முடிவு செய்யும் அறிவைப் பெட்டிகளினின்றும் பிரித்தெடுத்து, ஒரு பொதுக் கணினியில் ஓடும் மென்பொருளிடம் ஒப்படைப்பதே ‘மென்பொருள்வழி வலையமைப்பு’ எனப்படும் புதுமுறை. அம்மென்பொருளுக்கும் கண்ட்ரோலர் என்றே பெயர் வைத்தனர்.

அதன் வேலை எளிது. முன்பின் அறியாத பாக்கெட் ஒன்று வந்தால் சுவிட்சு கண்ட்ரோலரை வினவும். “இத்தகையவற்றை இவ்வழியே விடுக” என்று கண்ட்ரோலர் ஒரு விதியை அனுப்பும். சுவிட்சு அவ்விதியைத் தன் அட்டவணையில் எழுதிக்கொண்டு, அதே ஓட்டத்தைச் சேர்ந்த பிற பாக்கெட்டுகளைக் கேளாமலே விட்டுக்கொண்டிருக்கும். விதிகளை வினா எழுமுன்னரே எழுதிவைப்பதும் உண்டு. இந்த வேறுபாட்டை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம், பின்னர்ப் பயன்படும்.

முப்பதாயிரம் என்ற எண்

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கசாடோ என்னும் மாணவரும், நிக் மெக்கியூன் முதலிய ஆசிரியர்களும் சேர்ந்து 2007இல் ‘ஈத்தேன்’ என்னும் வலையை அமைத்துக் காட்டினர். ஏறத்தாழ 300 கணினிகள் அதில் இணைந்திருந்தன. அவ்வளவுக்கும் ஒரே கண்ட்ரோலர். 2008இல் சுவிட்சும் கண்ட்ரோலரும் பேசிக்கொள்வதற்குரிய பொதுமொழியாக ‘ஓப்பன்ஃபுளோ’ வெளிவந்தது. அதே ஆண்டில் அம்மொழி பேசும் முதற் கண்ட்ரோலராகிய ‘நாக்ஸ்’ என்பதும் வெளியாயிற்று.

புதியது எது வந்தாலும் ஐயம் எழுவது இயற்கை. “நூற்றுக்கணக்கான சுவிட்சுகள் ஒருவரையே கேட்டு நின்றால் அவர் என்ன ஆவார்?” என்று பலர் கேட்டனர். 2009இல் வெளியான ஓர் ஆய்வு, நாக்ஸ் ஒரு வினாடிக்கு 30,000 புதிய ஓட்டங்களைப் பத்து மில்லிவினாடிக்குள் விடைசொல்லி நிறுவவல்லது என்று கூறியது. (ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கே மில்லிவினாடி.) கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் அதே ஆண்டில் 1,500 சர்வர்கள் கொண்ட ஒரு தரவு மையத்தை ஆராய்ந்தோர், அங்கு நடுத்தரமாக வினாடிக்கு 1 லட்சம் புதிய ஓட்டங்கள் தோன்றுவதாகக் கண்டனர். நூறு சுவிட்சுகள் கொண்ட வலையில் மிக மோசமான நேரத்தில் வினாடிக்கு 1 கோடி வரை எழக்கூடும் என்றும் அடுத்த ஆண்டின் ஆய்வினின்றும் கணக்கிட்டனர்.

30,000 எங்கே, 1 கோடி எங்கே? ஒரு மையத்தில் அறிவைக் குவிக்கும் இம்முறை பெரிய வலைகளுக்கு உதவாது என்ற முடிவுக்குப் பலர் வந்தனர். ஒரு மென்பொருளின் எண், ஒரு கொள்கையின் எண்ணாகவே கருதப்பட்டது.

அளவுகோல் பிறந்தது

நாக்ஸின் முதல் வடிவம் வேகத்துக்காக எழுதப்பட்டதன்று. புதுமுறை நடக்கும் என்று காட்டுவதற்காக எழுதப்பட்டது. கணினியின் உள்ளே பல கோர்கள், அதாவது கணக்கிடும் பல மூளைகள், இருந்தும் அது ஒன்றையே பயன்படுத்தியது. நால்வர் அமரும் அலுவலகத்தில் ஒருவர் மட்டும் கோப்புப் பார்ப்பதைப் போன்றது இது.

இக்குறையை நீக்கப் பலர் முனைந்தனர். ரைஸ் பல்கலைக்கழகத்தில் ‘மேஸ்ட்ரோ’ உருவாயிற்று. ஸ்டான்போர்டில் டேவிட் எரிக்சன் என்பார் 2010இல் ‘பீக்கன்’ என்பதை எழுதத் தொடங்கினார். இவை இரண்டும் பல கோர்களுக்கும் வேலையைப் பகிர்ந்தளித்தன. இவற்றை ஒரே தராசில் நிறுக்க வேண்டுமே! அதற்கெனப் பயன்பட்டதே ‘சிபெஞ்ச்’ என்னும் சோதனைக் கருவி.

சிபெஞ்ச் தன்னையே பல சுவிட்சுகளாக வேடமிட்டுக்கொண்டு கண்ட்ரோலரிடம் வினாக்களை அனுப்பும்; எத்தனை விடைகள் திரும்பின என்று எண்ணும். அதற்கு இரண்டு வகைச் சோதனைகள் உண்டு. முதல்வகையில் ஒவ்வொரு போலிச் சுவிட்சும் ஒரு வினா அனுப்பி, விடை வந்த பின்னரே அடுத்ததைக் கேட்கும். விடைக்காகக் காத்திருக்கும் நேரம் இதனால் தெரியும். இரண்டாம் வகையில் நிறுத்தாமல் வினாக்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கண்ட்ரோலர் மொத்தம் எவ்வளவு சுமக்கும் என்பது இதனால் தெரியும்.

2012ஆம் ஆண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமீன் தூதூஞ்சியான் முதலியோர், கசாடோவுடனும் பிறருடனும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். நாக்ஸைப் பல கோர்களில் ஓடுமாறு அவர்கள் திருத்தியமைத்தனர். செய்திகளைத் தனித்தனியே எடுக்காமல் கட்டாகச் சேர்த்து எடுத்தல் போன்ற, நூல்களில் நெடுங்காலமாக உள்ள உபாயங்களையே கையாண்டனர். பின்னர்ப் பழைய நாக்ஸ், புதிய நாக்ஸ், பீக்கன், மேஸ்ட்ரோ ஆகிய நான்கையும் சிபெஞ்சின் முன் நிறுத்தினர். எட்டுக் கோர் கொண்ட கணினியில் புதிய நாக்ஸ் வினாடிக்கு 16 லட்சம் வினாக்களுக்கு, சராசரி இரண்டு மில்லிவினாடிக் காத்திருப்பில், விடையளித்தது. பழையதைவிட முப்பது மடங்குக்கும் மேல்! அடுத்த ஆண்டு எரிக்சன் வெளியிட்ட கட்டுரையில் பீக்கன், பன்னிரண்டு கோர்களில் வினாடிக்கு 1 கோடியே 28 லட்சம் செய்திகளை எட்டியதாகக் கண்டது.

ஆக, ஐந்து ஆண்டுகளுக்குள் வழக்கு முடிந்தது. கொள்கையின் எல்லை என்று எண்ணப்பட்டது, எழுதிய விதத்தின் எல்லையே என்பது வெளிப்பட்டது. அந்த வழக்குக்கு சிபெஞ்ச் தக்க சாட்சியாக நின்றது, அதில் ஐயமில்லை.

நிற்க. வழக்கு முடிந்தும் சாட்சியை வீட்டுக்கு அனுப்பவில்லை. கண்ட்ரோலர் எது வந்தாலும் “சிபெஞ்சில் எவ்வளவு?” என்று கேட்பது வழக்கமாயிற்று. இங்குத்தான் நம் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லுதல் தகும்.

நாற்பது கடிதமும் ஒரு கோப்பும்

நாம் முன்பு பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில், நாளொன்றுக்கு எத்தனை கடிதங்களைத் தீர்த்தார் என்ற கணக்கைக் கொண்டே எழுத்தரை மதிப்பிட்டனர். நண்பர் ஒருவர் நாளுக்கு நாற்பது தீர்ப்பார். அவற்றுள் பெரும்பாலானவை, “தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது” என்ற ஒரே வரி. மாதந்தோறும் பட்டியலின் தலைப்பில் அவர் பெயரே நிற்கும். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். கேட்ட எண்ணைக் கொடுத்தார், அவ்வளவே.

அவருக்கு அடுத்த மேசையில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு பெரியவர் இருந்தார். பணியிலிருக்கும்போதே இறந்துபோன கேங்மேன் ஒருவரின் மனைவிக்குச் சேர வேண்டிய குடும்ப ஓய்வூதியக் கோப்பு, பதினொரு மாதமாக மேசை மேசையாக அலைந்து அவரிடம் வந்தது. அதில் ஒரு பெயர்ப் பிழை. அப்பெரியவர் மூன்று நாள் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பிழையைக் கண்டு திருத்தி, கோப்பை முடித்து அனுப்பினார். அந்த அம்மையார் கண்ணீர் மல்க வாயிற்படியில் நின்றது இன்றும் நம் கண்முன் நிற்கின்றது. அம்மாதப் பட்டியலில் பெரியவர் பெயர் கடைசி. மூன்று நாளில் ஒரு கோப்பு என்பதுதான் அங்குப் பதிவான கணக்கு.

எண் பொய் சொல்லவில்லை. நாம் அதனிடம் கேட்கத் தவறியதைச் சொல்லவில்லை. சிபெஞ்சின் நிலையும் அதுவே. அதன் சுவிட்சுகள் போலிச் சுவிட்சுகள். அவற்றினிடையே உண்மையான கம்பி இல்லை, அறுந்துபோவதற்கு. அங்குக் கண்ட்ரோலருக்குக் கொடுக்கப்பட்ட வேலை மிக எளியது. செய்திகளைக் கட்டாகச் சேர்த்தால் மொத்த எண் உயரும். ஆனால் கட்டு நிறையும் வரை ஒவ்வொரு செய்தியும் காத்துக் கிடக்க நேரும். பீக்கன் பெற்ற எண்ணையும் புதிய நாக்ஸ் பெற்ற எண்ணையும் அருகருகே எழுதிப் பெரிது எது என்று கேட்பதும் முறையன்று. கணினியும் வேறு, கோர்களின் தொகையும் வேறு.

வேறு கேள்விகள்

2013இல் மாஸ்கோவிலிருந்து வந்த ஓர் ஆய்வு இக்குறையை உணர்ந்து, தராசில் வேறு தட்டுகளையும் மாட்டியது. நாக்ஸ், பாக்ஸ், பீக்கன், ஃபிளட்லைட், முல், மேஸ்ட்ரோ, ரியூ என ஏழு கண்ட்ரோலர்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். வேகத்தோடு நில்லாமல், நெடுநேரம் சுமை தாங்குமா, கோணலாக எழுதப்பட்ட தவறான செய்தி வந்தால் தடுமாறுமா என்றும் கேட்டனர். மொத்தச் சுமையில் பீக்கன் முன்நின்றது. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட பாக்ஸும் ரியூவும், கோர்களைக் கூட்டினாலும் வேகம் கூடாமல் நின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து அவர்கள் கண்ட முடிவு, அக்காலத்துக் கண்ட்ரோலர்கள் உண்மையான பொறுப்பில் அமர இன்னும் ஆயத்தமாகவில்லை என்பது. இலட்சம், கோடி என்று எண்ணியவர்களுக்கு இது நல்ல மருந்து.

இதற்கிடையே மற்றொரு கேள்வியும் எழுந்திருந்தது. கண்ட்ரோலர் எவ்வளவு விரைவானதாயினும், அது படுத்துவிட்டால்?

சில ஆண்டுகளுக்கு முன் மார்கழி மாதத்துப் பனிமூட்ட இரவொன்றில், நம் பகுதியில் கண்ட்ரோல் தொலைபேசி இணைப்பு அறுந்துபோயிற்று. வண்டிகள் எங்குள்ளன என்று கண்ட்ரோலருக்குத் தெரியவில்லை. திரையில் கோடுகள் வளராமல் நின்றன. ஆயினும் வண்டிகள் நின்றுவிடவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர்கள் தமக்குள் லைன் கிளியர் கேட்டுப் பெற்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தனர். தாமதம் நேர்ந்தது, தீங்கு நேரவில்லை. அன்றிரவு நம் முறையின் பெருமையைக் காத்தது கண்ட்ரோலரின் வேகம் அன்று. அவர் இல்லாதபோது என்ன செய்வது என்று முன்னரே எழுதிவைத்த விதி.

ஓப்பன்ஃபுளோவிலும் இதற்கு ஏற்பாடு உண்டு. கண்ட்ரோலருடன் தொடர்பு அற்றால் சுவிட்சு இரண்டிலொரு வகையில் நடந்துகொள்ளலாம். அட்டவணையில் ஏற்கெனவே உள்ள விதிகளைக் காலக்கெடு வரை பின்பற்றி, கண்ட்ரோலரைக் கேட்க வேண்டிய பாக்கெட்டுகளைக் கைவிடுதல் ஒருவகை. பழைய காலத்துச் சுவிட்சாகவே மாறித் தானே முடிவு செய்தல் மற்றொரு வகை.

இன்னும் உறுதியான வழி, கண்ட்ரோலரைப் பல கணினிகளில் பிரதியாக வைப்பது. 2010இல் ‘ஓனிக்ஸ்’ என்பது அவ்வழியைக் காட்டிற்று. கூகுள் நிறுவனம் தன் தரவு மையங்களை இணைக்கும் ‘பி-4’ என்னும் வலையைப் பற்றி 2013இல் எழுதியபோது, ஒவ்வோர் இடத்திலும் கண்ட்ரோலர்கள் பிரதிகளுடன் இயங்குவதையும், தலைமை தாங்குவது வீழ்ந்தால் மற்றொன்று தேர்ந்தெடுக்கப்படுவதையும் விளக்கிற்று. அங்கு ஒவ்வோர் ஓட்டத்துக்கும் கண்ட்ரோலரைக் கேட்டு நிற்பதில்லை. வழிகளை முன்னரே வகுத்துவிடுகின்றனர். நாம் முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இதுவே. வினாடிக்கு எத்தனை வினா என்ற கேள்விக்கு அங்கு அத்துணை மதிப்பில்லை.

கண்ட்ரோலரை எங்கே அமர்த்துவது என்று 2012இல் ஆராய்ந்த பிராண்டன் ஹெல்லர் முதலியோர், விடைவரும் நேரத்தை மட்டும் கருதினால் பல வலைகளுக்கு ஓரிடத்துக் கண்ட்ரோலரே போதும் என்று கண்டனர்; பழுதைத் தாங்குவதற்கு அது போதாது என்பதையும் உடன் சொல்லினர். வேகம் வேறு, உறுதி வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

உறுதிக்கும் விலை உண்டு. 2014இல் ஓனோஸை ஆக்கியோர் தம் முதல் மாதிரியில் பல கணினிகளும் ஒரே வரைபடத்தைப் பிழையின்றிப் பகிர்ந்துகொள்ளுமாறு செய்தனர். ஆனால் அது மெதுவாக ஓடிற்று. தகவலைச் சேமிக்கும் முறையை மாற்றி இரண்டாம் மாதிரியை அமைத்தனர். வினாடிக்கு 10 லட்சம் வினா, நிகழ்ச்சிக்கு 10 முதல் 100 மில்லிவினாடிக்குள் செயல், நூற்றுக்கு 99.99 பங்கு நேரம் இடையறாத சேவை என்று தம் இலக்குகளை எழுதிவைத்தனர். பீக்கன் எட்டிய எண்ணைவிட 10 லட்சம் சிறியது. பல கணினிகள் ஒத்த மனத்தோடு இயங்கி, ஒன்று வீழ்ந்தாலும் நில்லாதிருத்தலோடு சேர்ந்த 10 லட்சம் அது என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் பெருமை விளங்கும்.

திருத்திய அளவுகோல்

இறுதியாக 2018ஆம் ஆண்டு அக்டோபரில், இணைய நெறிகளை வகுக்கும் ஐ.ஈ.டி.எஃப் என்னும் அமைப்பு, இக்கண்ட்ரோலர்களை அளக்கும் முறைக்கென 8455, 8456 என்னும் எண்கள் கொண்ட இரண்டு ஆவணங்களை வெளியிட்டது. அவற்றில் ஒரே எண் இல்லை. நான்கு தலைப்புகள் உள்ளன. வேகம், விரிவு, பாதுகாப்பு, உறுதி என்பன அவை. வலையின் அமைப்பைக் கண்டறிய எவ்வளவு நேரம், ஒரு கம்பி அறுந்ததை உணர எவ்வளவு நேரம், கேட்டபின் வழி வகுக்க எவ்வளவு, முன்னரே வகுக்க எவ்வளவு, எத்தனை சுவிட்சுகளைத் தாங்கும், தவறான செய்திகளை எவ்வாறு கையாளும், ஒரு கண்ட்ரோலர் வீழ்ந்தபின் மற்றொன்று பொறுப்பேற்க எவ்வளவு நேரம் என்று தனித்தனியே கேட்கச் சொல்கின்றன. 30,000 என்ற ஒற்றை எண்ணில் தொடங்கிய பேச்சு, பத்தாண்டுகளில் இவ்விடத்தை அடைந்தது.

இனி, பந்தியில் நம்மைக் கேட்ட இளைஞர்களுக்கு நம் விடை. தம்பிகளே, எது சிறந்தது என்று நாம் சொல்லப் போவதில்லை. எத்தனை சுவிட்சுகளுக்கு, கேட்டு நிற்கும் வழியிலா முன்னரே எழுதும் வழியிலா, எந்தக் கணினியில், வீழ்ந்தால் எத்தனை வினாடியில் எழ வேண்டும் என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். அதன்பின் இரண்டையும் ஒரே கணினியில், ஒரே சுமையில் வைத்து அளந்து பாருங்கள். அளக்கும்போது நடுவே ஒரு கம்பியையும் பிடுங்கிப் பாருங்கள். வாதம் தானே அடங்கும்.

நாளை நீங்களே மேலாளர்களாக அமர்ந்து, உங்கள் கீழ் வேலை செய்வோருக்கு மதிப்பெண் இடுவீர்கள். அப்போது பட்டியலின் கடைசியில் இருக்கும் பெயரைச் சற்று நின்று பாருங்கள். மூன்று நாளில் ஒரே ஒரு கோப்பை முடித்த அப்பெரியவர் அங்கே இருக்கக்கூடும்.

வளர்க நம் சங்கம்! வாழ்க தமிழ்!